பெராக்சைடு பாலில் தங்காது

பாலில் கலக்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை போட்ட இடத்திலேயே கிடக்கும். தண்ணீர் ஊற்றிய பாலை விடியலில் அளந்தாலும் மதியத்தில் அளந்தாலும் லாக்டோமீட்டர் அதே குறையைத்தான் காட்டும். உப்போ மாவோ சேர்த்திருந்தால், கிராமச் சங்கத்தில் தப்பியது குளிரூட்டும் நிலையத்தில் பிடிபடும்; அங்கும் தப்பியது பால் பண்ணை ஆய்வகத்தில் பிடிபடும். பால் பரிசோதகர்களாகிய எங்கள் பழக்கம் முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல் வளர்ந்தது: இன்று விட்டதை நாளை பிடித்துவிடலாம். பால் புளிக்காமல் இருக்க ஊற்றும் ஹைட்ரஜன் பெராக்சைடு விஷயத்தில் இந்த நம்பிக்கை செல்லாது. பாலில் விழுந்த நொடியிலிருந்து அது குறைந்துகொண்டே போகிறது. சில மணி நேரத்தில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து, தான் வந்துபோனதற்கு அடையாளமே இல்லாமல் மறைந்துவிடுகிறது. ஆகவே பெராக்சைடுச் சோதனையில் ‘இல்லை’ என்று வரும் விடைக்கு, எத்தனை மணிக்குச் சோதித்தார்கள் என்பது தெரியாமல் எந்தப் பொருளும் கிடையாது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைப் போன்ற இடங்களில் இந்தச் சோதனை நடக்க வேண்டிய இடம், பால் ஊற்றும் சங்கத்தின் வாசல்தான். தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் வாதிட விரும்புவது இதைத்தான்.

முதலில் வேதியியல். பாரிஸில் தெனார் என்ற வேதியியலாளர் 1818இல் இந்தப் பொருளைக் கண்டுபிடித்தார். அது சும்மா இருக்க விரும்பாத பொருள் என்பதையும் அவரே கண்டார். வெள்ளித் தூள், மாங்கனீசு டை ஆக்சைடு, இரத்தத்திலிருந்து எடுத்த நார்ப்பொருள் எதில் பட்டாலும் அது பொங்கிப் பிரிந்தது. இரண்டு மூலக்கூறு பெராக்சைடு, இரண்டு மூலக்கூறு தண்ணீரும் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனும் ஆகிறது. ஒவ்வொரு மோலுக்கும் ஏறத்தாழ 98 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. இவ்வளவு ஆற்றலை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் பொருள் பாட்டிலில் மாதக்கணக்கில் இருப்பதற்குக் காரணம், தானாகப் பிரிவதற்கு அது தாண்ட வேண்டிய தடை உயரமானது என்பதுதான். இரும்பும் செம்பும் சிறிதளவு கலந்தாலே அந்தத் தடை தாழ்ந்துவிடும். அதனால்தான் உற்பத்தியாளர்கள் கரைசலைச் சற்று அமிலமாக வைத்து, பாஸ்பேட், வெள்ளீய உப்புகள் போன்ற நிலைநிறுத்திகளைச் சேர்க்கிறார்கள். வெளிச்சம் படாத கலனில் அடைத்து, வாயு வெளியேற மூடியில் வழி விடுகிறார்கள். மருந்துக் கடையில் ‘20 வால்யூம்’ என்று விற்கும் கரைசல் ஏறத்தாழ 6 சதவீதம். அதன் ஒரு லிட்டர் முழுதும் பிரிந்தால் 20 லிட்டர் ஆக்சிஜன் கிடைக்கும் என்பதே அந்த எண்ணின் கணக்கு. சாய வேலைக்கும் துணி வெளுக்கவும் விற்பது 30, 50 சதவீதச் சரக்கு.

பாட்டிலில் கிடைக்கும் பாதுகாப்பு பாலுக்குள் கிடையாது. பால் அமிலத்தன்மை மிகக் குறைந்த, மிதமான சூட்டில் இருக்கும், உயிர்ப்பொருள் நிறைந்த திரவம். அதில் கேட்டலேஸ் என்ற நொதி இயல்பாகவே இருக்கிறது. நடுவில் இரும்பைத் தாங்கிய ஹீம் தொகுதி நான்கைக் கொண்ட பெரிய புரதம் அது. சம்னரும் டவுன்ஸும் 1937இல் மாட்டு ஈரலிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். பெராக்சைடைப் பிரிப்பதுதான் அதன் வேலை. ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடியில் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைக் கையாளும். சாதாரண அளவுகளில் இந்த வினை முதல்படி வேகத்தில் நடக்கிறது. அதாவது, சம கால இடைவெளியில் சம பங்கு குறையும். அரை மணிக்கு ஒருமுறை பாதியாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் போட்ட பாலில் ஐந்து மணி நேரத்துக்குப் பின் எஞ்சுவது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. எந்தப் பாலில் எவ்வளவு வேகம் என்பது மாட்டுக்கு மாடு, கேனுக்குக் கேன், சூட்டுக்குச் சூடு மாறும். மாறாதது ஒன்று: குறைதல் மட்டுமே நடக்கும்.

இங்கே ஆழமாக யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாலில் கேட்டலேஸ் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு மாட்டின் மடியிலிருந்து, முக்கியமாகப் பாலோடு இறங்கும் வெள்ளணுக்களிலிருந்து. இன்னொரு பங்கு பாக்டீரியாக்களிலிருந்து. மடிநோய் கண்ட மாட்டின் பாலில் வெள்ளணுக்கள் பெருகும், கேட்டலேஸும் பெருகும். கால்நடை மருத்துவத்தில் பழைய மடிநோய்ச் சோதனைகளில் ஒன்று இதை அப்படியே பயன்படுத்துகிறது: பாலில் பெராக்சைடைச் சேர்த்து, வெளிவரும் வாயுவை அளப்பார்கள், வாயு மிகுந்தால் மடியில் கோளாறு. மடிநோய்க்குக் காரணமான ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியே கேட்டலேஸை உண்டாக்கக்கூடியது. கண்ணாடித் தகட்டில் அந்தக் கிருமியின் மேல் ஒரு சொட்டு 3 சதவீதப் பெராக்சைடு விட்டால் உடனே குமிழ் கிளம்பும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வருத்தம் தரும் முடிவு ஒன்று கிடைக்கிறது. ஆரோக்கியமான மாட்டின் சுத்தமான பாலில் பெராக்சைடு சற்று நீடிக்கும். நோயுற்ற மடியின் பாலிலும், அழுக்குக் கேனில் நேரம் கடந்த பாலிலும் அது விரைவாக அழியும். எந்தப் பாலைக் காப்பாற்றுவதற்காக அதை ஊற்றுகிறார்களோ, எந்தப் பாலை நாம் கட்டாயம் பிடிக்க வேண்டுமோ, அந்தப் பாலே சான்றை எல்லாவற்றுக்கும் முன்னால் அழித்துவிடுகிறது. தாமதமான சோதனை எல்லாக் குற்றத்தையும் ஒரே அளவில் தவறவிடுவதில்லை. மோசமானதைத்தான் அதிகமாகத் தவறவிடுகிறது.

அழியும்போது கண்ணுக்குத் தெரியும் தடயம் ஏதாவது விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 40 லிட்டர் கேனில் 0.05 சதவீதம் பெராக்சைடு இருந்தால் அது 20 கிராம். முழுதும் பிரிந்தால் ஆறரை லிட்டர் ஆக்சிஜன் வரும். அவ்வளவு வாயுவைப் பால் கரைத்து வைத்துக்கொள்ள முடியாது. பெரும்பகுதி நுண்குமிழாக மேலே வரும். ஆனால் கறந்த பாலில் நுரை இருப்பது எவருக்கும் புதிதல்ல. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினாலே நுரைக்கும். வெப்பத்தைக் கொண்டு பிடிக்கலாம் என்றால், அந்த அளவு பெராக்சைடு பிரிந்து பாலைச் சூடேற்றுவது அரை டிகிரி செல்சியஸ்கூட இல்லை. லாக்டோமீட்டரில் மாற்றம் இல்லை, கொழுப்பில் மாற்றம் இல்லை, எஸ்.என்.எஃப் எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருளில் மாற்றம் இல்லை. சங்கத்தில் தினமும் செய்யும் அளவைகளில் எதுவும் இதைக் காட்டாது.

அதைவிட மோசம், சில சோதனைகள் பெராக்சைடு ஊற்றிய பாலுக்குப் பாராட்டுப் பத்திரமே எழுதித் தரும். மெத்திலீன் நீலச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பாலில் நீலச் சாயத்தைச் சேர்த்து 37 டிகிரி சூட்டில் வைக்கிறோம். உயிருள்ள பாக்டீரியாக்கள் நிறைந்திருந்தால் ஆக்சிஜனைத் தீர்த்து, சாயத்தின் நிறத்தை விரைவில் போக்கும். அரை மணிக்குள் வெளுத்தால் மோசமான பால். ஐந்து மணி நேரம் தாண்டியும் நீலம் நின்றால் மிக நல்ல பால் என்று இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. பெராக்சைடு பாக்டீரியாக்களைக் கொன்றிருந்தால் சாயத்தை வெளுக்க ஆளில்லை, நீலம் நிற்கும். பெராக்சைடு போனபின் செய்தாலும் நீலம் நிற்கும். கொதிக்கவைத்துத் திரிகிறதா என்று பார்க்கும் சோதனையும் அமிலத்தன்மைச் சோதனையும் இதே வகையில் ஏமாறும். புளிப்பேற்றும் கிருமிகள் அடங்கிப்போனதால் பால் திரியாது. காலம் கடந்து சோதிக்கும் ஆய்வகம், கலப்படத்தைத் தவறவிடுவதோடு நிற்காமல், சுத்தமாகக் கறந்து சொன்ன நேரத்தில் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரரைவிட இந்தப் பாலுக்கு உயர்ந்த மதிப்பெண் போடுகிறது. உழைப்பால் தரம் காத்தவருக்கு இழைக்கப்படும் இந்த அநீதிதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

புள்ளிவிவரங்களை இந்த வெளிச்சத்தில் மறுபடி படிக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையம் 2011இல் 33 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1,791 மாதிரிகளை எடுத்தபோது 68.4 சதவீதம் தரநிர்ணயத்துக்கு உட்படவில்லை. எடுத்த மாதிரிகள் எல்லாமே தேறிய இடங்களாகக் கோவாவும் புதுச்சேரியும் அறிவிக்கப்பட்டன. நம் ஊருக்கு அது பெருமைதான். கொழுப்பு, இதரத் திடப்பொருள், தண்ணீர் ஆகியவற்றைப் பொறுத்தவரை அந்தப் பெருமையில் நியாயமும் உண்டு. 2018இல் 50,000க்கு மேல் மக்கள்தொகை உள்ள 1,103 நகரங்களில் 6,432 மாதிரிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், கலப்படத்தால் பாதுகாப்பற்றவை என்று கண்டவை 12 மட்டுமே. அந்தப் பன்னிரண்டில் ஆறு ஹைட்ரஜன் பெராக்சைடு. சலவைத்தூள் மூன்று, யூரியா இரண்டு, அமில நீக்கி ஒன்று. ஆறாயிரத்தில் ஆறு என்று பார்த்தால் கவலையே தேவையில்லை எனத் தோன்றும். நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். நகரத்தில் விற்பனைக்கு வந்தபின், கறந்து பல மணி நேரம் கழிந்தபின், பிடிபட முடியாத நிலைக்குப் பெரும்பாலும் போய்விடும் ஒரு பொருள், பாதுகாப்பற்றவை என்று கண்ட மற்ற எல்லாக் கலப்படத்தையும்விட அதிகமாகப் பிடிபட்டிருக்கிறது. உண்மையில் எவ்வளவு ஊற்றப்படுகிறது என்று இதிலிருந்து கணக்கிட முடியாது. குறைவாகத்தான் இருக்கும் என்று ஆறுதல் கொள்ளவும் இதில் இடமில்லை. புதுச்சேரியின் முழுத் தேர்ச்சிக்கும் பெராக்சைடு விஷயத்தில் இதே வரம்பு பொருந்தும்.

எனக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது இது: கடைசியில் தண்ணீரும் ஆக்சிஜனும்தானே மிச்சம், அதனால் யாருக்கு என்ன கெடுதல்? படித்தவர்களே இதைக் கேட்கிறார்கள். இதற்கு உலக உதாரணங்களும் உண்டு. அமெரிக்காவில் சில வகைப் பாலாடைக் கட்டிக்கான பாலில் 0.05 சதவீதம் வரை பெராக்சைடைச் சேர்த்து, பின்பு கேட்டலேஸைக் கொண்டே அதை அகற்றச் சட்டம் இடம் தருகிறது. அட்டைப் பெட்டியில் நீண்டநாள் இருக்கும் பாலை அடைப்பதற்கு முன் அந்தப் பெட்டித் தாளை 35 சதவீதச் சூடான பெராக்சைடால்தான் கிருமி நீக்குகிறார்கள். வெப்பக் காற்றால் அதை விரட்டிவிடுகிறார்கள். அங்கெல்லாம் பிரிந்து மறையும் குணமே அதன் பெருமை. வேறுபாடு என்னவென்றால், அங்கே எவ்வளவு போட்டோம், எப்போது போட்டோம், எவ்வளவு மிஞ்சியது என்று ஒவ்வொன்றும் எழுதிவைக்கப்படுகிறது. போடுவதற்கு முன் பாலின் தரம் தெரிந்திருக்கிறது. தெரியாமல் ஊற்றப்படும் பாலில் இவை ஒன்றும் இல்லை. பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்லும். ஆனால் அந்த பாக்டீரியா அதற்குள் சுரந்துவிட்ட நச்சைப் போக்காது. ஸ்டாஃபிலோகாக்கஸின் நச்சு கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாதது. புளித்துத் திரிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய பால், நல்ல பாலின் தோற்றத்தில் குழந்தையின் தம்ளருக்குப் போகிறது. கரைசலில் இருந்த பெராக்சைடு பிரிந்து போனாலும் அதோடு வந்த நிலைநிறுத்திகள் பிரிந்து போவதில்லை. சாயக்கடைச் சரக்கு உண்ணும் பொருளுக்கான தூய்மையில் செய்யப்பட்டதும் அல்ல. இந்தியச் சட்டம் பாலில் எந்தப் பதப்பொருளையும் அனுமதிக்காததற்கு இவை போதிய காரணங்கள்.

இரண்டாவது எதிர்ப்பு கருணையிலிருந்து வருவது, அதை மதிக்கிறேன். நம் வெயிலில், ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவரிடம் குளிர்பதன வசதி ஏது? உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பே 1991இல் லாக்டோபெராக்சிடேஸ் முறை என்று ஒன்றை ஏற்றுக்கொண்டதே என்பார்கள். உண்மை. லிட்டருக்கு 14 மில்லிகிராம் சோடியம் தயோசயனேட்டும் 30 மில்லிகிராம் சோடியம் பெர்கார்பனேட்டும் சேர்த்தால், பாலிலேயே உள்ள நொதி விழித்துக்கொண்டு கிருமிகளை அடக்கும். 30 டிகிரி சூட்டில் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். அதில் உண்டாகும் பெராக்சைடு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம்கூட இராது. கேனில் மூடியால் அளந்து ஊற்றுவதோடு அதை ஒப்பிடவே கூடாது. தவிர, அந்த முறை குளிரூட்டல் சாத்தியமே இல்லாத தொலைவுகளுக்காக வகுத்தது. கறந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது. புதுச்சேரிப் பகுதி மொத்தமே ஏறத்தாழ 293 சதுர கிலோமீட்டர். நகரிலிருந்து வில்லியனூர் சுமார் 10 கிலோமீட்டர், பாகூர் சுமார் 20. கூடப்பாக்கத்திலிருந்தோ மங்கலத்திலிருந்தோ சேலியமேட்டிலிருந்தோ குருவிநத்தத்திலிருந்தோ கேன் வந்து சேர ஆகும் நேரம், கறந்த பாலின் இயல்பான எதிர்ப்புச் சக்தி தாங்கும் நேரத்துக்குள் அடங்கும், இடையில் யாரும் காக்கவைக்காமல் இருந்தால். தாமதம் நேர்கிறது என்றால் அதற்கு மருந்து வண்டியின் நேரத்தைச் சரிசெய்வதிலும், குளிரூட்டும் தொட்டியைச் சங்கத்துக்கு அருகே கொண்டுவருவதிலும் இருக்கிறது. கறவைக்காரர் கையில் பெராக்சைடு பாட்டிலைப் பார்த்தால் அவரைக் கேட்கும் அதே கேள்வியை, கேனை வெயிலில் நிறுத்திவைத்தவரிடமும் கேட்க வேண்டும்.

இதே சிறிய பரப்பு இன்னொரு விதத்தில் சிக்கலையும் தருகிறது. பாகூர், வில்லியனூர்ப் பகுதிகள் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு பின்னிக் கிடக்கின்றன. ஒரு தெருவைத் தாண்டினால் மாநிலம் மாறும் இடங்களில், பால் இரண்டு மூன்று கை மாறி வருவது சாதாரணம். கை மாறும் ஒவ்வொரு முறையும் மணி ஓடுகிறது. கடைசிக் கையில் சோதித்து ‘இல்லை’ என்று எழுதுவது, முதல் கைக்கும் இரண்டாம் கைக்கும் சேர்த்து நற்சான்று தருவதாகிவிடுகிறது.

சட்டத்தின் வழிமுறையும் தங்கும் கலப்படங்களுக்காகவே அமைந்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து, ஒன்றை உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புகிறார்கள். அறிக்கை தர அவருக்கு 14 நாள். மேல்முறையீட்டுக்கு 30 நாள். அதன்பின் மறுபங்கு மேலாய்வகத்துக்குப் போகும். பாலுக்கு ஃபார்மலின் சேர்த்துவைப்பார்கள், கிருமி வளராமல் இருக்க. ஏற்கெனவே கரைந்திருக்கும் கேட்டலேஸை அது நிறுத்திவிடும் என்று நம்பியிருக்க முடியாது. முதல் பங்கில் கண்ட பெராக்சைடு மறுபங்கில் இல்லாமல் போனால் வழக்கு நிற்காது. உண்மையிலேயே குற்றமற்றவருக்கும் அந்த மறுபங்கு உதவாது. இரு பக்கத்துக்கும் பயன்படாத ஒரு நடைமுறை இது. களத்தில், இருவர் கண்முன், நேரம் குறித்துச் செய்த சோதனைக்குச் சான்று மதிப்பு தருவதைத் தவிர இதற்கு வழி தெரியவில்லை.

சங்கத்தில் செய்ய நேரம் ஏது என்பது அடுத்த கேள்வி. விடியலில் வரிசை நீளும். ஒவ்வொருவர் பாலிலும் மருந்து விட்டுக் காத்திருக்க முடியாதுதான். அது தேவையும் இல்லை. ஒவ்வொரு கேனும் நிறைந்ததும் கேனுக்கு ஒரு சோதனை போதும். ஐந்து மில்லி பாலில் 2 சதவீதப் பாராஃபினிலீன் டையமைன் கரைசல் ஐந்து சொட்டு. பெராக்சைடு இருந்தால், பச்சைப் பாலில் உள்ள பெராக்சிடேஸ் நொதியின் துணையோடு நீலம் படரும். ஒரு நிமிட வேலை. தலைச்சாயத்தில் முடியைக் கறுக்கவைக்கும் மூலப்பொருளும் இதுவே; அங்கேயும் அதைத் தூண்டுவது பெராக்சைடுதான். இந்தக் கரைசல் காற்றுப் பட்டுப் பழுப்பேறிக் கெடும், ஆகையால் சிறு அளவில் அவ்வப்போது கரைத்து, கருப்புப் பாட்டிலில் வைக்க வேண்டும். தோலில் படவிடக் கூடாது. காய்ச்சிய பாலில் நொதி செத்திருக்கும் என்பதால், அதற்குச் சம அளவு நல்ல பச்சைப் பாலைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதை மறந்துவிட்டுக் காய்ச்சிய பாலுக்கு ‘இல்லை’ எழுதுவது இன்னொரு பொய் விடை.

நேரம் தவறிவிட்ட பாலில் எதுவுமே செய்ய முடியாதா என்றால், ஒரு வழி உண்டு. ஆய்வகங்கள் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. பெராக்சைடு போய்விடும், ஆனால் அது கொன்ற பாக்டீரியாக்களின் உடல்கள் உடனே போய்விடுவதில்லை. பாலில் ஒரு துளியைத் தகட்டில் பூசி, சாயமேற்றி நுண்ணோக்கியில் எண்ணினால் செத்தவையும் தெரியும். நுண்ணோக்கியில் கிருமிக் கூட்டம், மெத்திலீன் நீலச் சோதனையில் ‘மிக நல்ல பால்’: காய்ச்சாத பாலில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், இடையில் ஏதோ ஒன்று அவற்றைக் கொன்றிருக்கிறது என்று பொருள். அது பெராக்சைடா வேறு மருந்தா என்று இது சொல்லாது. மறுநாள் விடியலில் எந்தச் சங்கத்தின் வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்லும்.

கடைசியாக, கறவைக்காரர் பக்கத்து நியாயம். நீலம் கண்டதும் பாலைக் கொட்டுவது தவறு. பிளீச்சிங் பவுடரால் கழுவிச் சரியாக அலசாத கேனும் சில சோதனைகளில் இதே போன்ற நிறத்தைத் தூண்டக்கூடும். எனவே வனேடியம் பென்டாக்சைடு கரைசலைக் கொண்டு இரண்டாம் சோதனை செய்ய வேண்டும்; கந்தக அமிலத்தில் கரைத்த அந்த மருந்து பெராக்சைடோடு சேர்ந்தால் சிவக்கும். நச்சு மருந்து என்பதால் அது செயலாளர் பொறுப்பில் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும்; சோதித்த பாலைக் கேனில் திரும்ப ஊற்றவே கூடாது. இரண்டு குழாயிலும் நிறம் மாறினால் மட்டும் கேனை ஒதுக்கலாம். கொழுப்பு பார்ப்பதற்காக ஒவ்வொருவர் பாலிலும் எடுத்துவைக்கும் மாதிரி கையில் இருக்கிறது. அவற்றில் எது நீலமாகிறது என்று அந்தந்த வீட்டார் நின்று பார்க்கும்போதே தேட வேண்டும். பதிவேட்டில் பெயர், அளவு, கொழுப்பு எழுதும் வரிசையில் சோதித்த மணிக்கும் ஒரு கட்டம் வேண்டும். மாதிரிகளை மாலை வேளைக்கு ஒத்திவைத்தால், அப்போது எல்லாக் குழாயும் வெள்ளையாகவே நிற்கும், ஊற்றியவர் பாலும் ஊற்றாதவர் பாலும்.